கைப்பூட்டு

சேலம், 4-12-1938

அன்புள்ள பாவாயிக்கு,

லீவு முடிந்து போலீஸ் லைனுக்கு வந்ததும் சார்ஜென்ட் துரை என்னை ஜூஜுட்ஸு போட்டியில் சேர்த்துவிட்டார். ஜப்பான்காரர்களின் மல்வித்தை. நான் பழகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தை மாதம் சென்னையில் போட்டி. தினமும் வைக்கோல் மெத்தை மேல் விழுந்து எழுந்து கழுத்து திரும்பமாட்டேன் என்கிறது. ஆனால் ஊரில் உன் தம்பி அர்த்தனாரிக்குப் போட்டுக் காட்டிய, கையை முறுக்கிப் பிடிக்கும் கைப்பூட்டு எனக்கு நன்றாக வருகிறதென்று துரையே சொன்னார். தேனும் கேழ்வரகு மாவும் கொடுத்தனுப்பு.

உன் சென்றாயன்

வாழவந்தி நாடு, 14-12-1938

மாமாவுக்குப் பாவாயி எழுதிக்கொண்டது.

தேனும் மாவும் சந்தைக்கு இறங்கிய கருப்பண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். மெத்தையில் விழும்போது தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அர்த்தனாரியின் தோள் இறங்கியேதான் இருக்கிறது. இனி கையை மேலே தூக்க வராது என்று கட்டுப் போட்ட வைத்தியர் சொல்லிவிட்டார். மிளகு பறிக்க அவனால் மரம் ஏற முடியாது. மாசியில் கல்யாணம், பெண்வீட்டார் யோசிக்கிறார்கள். அவனைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை தேடினேன். போட்டி முடிந்ததும் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

பாவாயி

சேலம், 2-1-1939

பாவாயிக்கு,

அவனுக்குக் காட்டில் உழைக்கிற உடம்பு, எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும். போட்டி நேரத்தில் என் மனசைக் கலைக்காதே.

சென்றாயன்

சென்னை, 23-1-1939

அன்புள்ள பாவாயிக்கு,

முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டேன். எதிரே வந்தவன் சின்ன ஆள்தான். இழுத்த இழுப்பில் மல்லாந்து விழுந்தேன். நான் நம்பியிருந்த அதே பூட்டைப் போட்டான். தோள் கழன்றுவிடும் போலிருந்தது, தரையைத் தட்டினேன். தட்டினால் விட்டுவிட வேண்டும். இந்த வித்தையில் முதல் பாடமே அதுதான். உடனே விட்டு, கைகொடுத்துத் தூக்கினான். எங்கள் ஆட்களே சிரித்தார்கள். வெளியில் முகம் காட்ட முடியவில்லை.

பத்து நாள் லீவு. ஊருக்கு வாரேன். வெந்நீர் வைத்துத் தோளை உருவிவிடு.

உன் சென்றாயன்

பெரக்கரை நாடு, 1-2-1939

மாமாவுக்கு,

அர்த்தனாரிக்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. "உடுங்க மச்சான், வலிக்குதுங்க" என்று வாயால்தான் சொன்னான். அன்று நம் களத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் இன்னும் முறுக்கினீர்கள்.

பெண்வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பிவிட்டார்கள். அப்போதும் அவன், "மச்சான் தெரியாமத்தானே செஞ்சாருங்க அக்கா" என்று எனக்குச் சமாதானம் சொன்னான். உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். தட்டினால் விட வேண்டும் என்ற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னான். பிறகு எழுந்து வெளியே போனவன் பொழுது சாய்ந்துதான் வந்தான்.

நான் எங்கப்பன் ஊட்டுக்கு வந்துவிட்டேன். மிளகுக்கு மரம் ஏறுவது இப்போது நான்தான். உங்கள் ஊட்டுச் சாவி உங்கள் பெரியம்மாவிடம் இருக்கிறது. இங்கே வர வேண்டாம்.

பாவாயி