சவப்பெட்டிக் கடைக்கு ஒரு வெப்சைட்

கின்னிகோளி,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஜசிந்தாவுக்கு பப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் மம்மியும் சுகம், மழைதான் விட்டபாடில்லை, நீயும் மாப்பிள்ளையும் அந்த மஸ்கட் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் சேர்த்துக்கொள்கிறோம். மம்மிக்கு முழங்கால் வலி தேவலை. இன்று பூசை முடிந்து வந்து சன்னாஸ் இட்லியும் பன்றிக் குழம்பும் செய்தாள், உன் பங்கையும் நானே சாப்பிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

கடை வெப்சைட் என்ன ஆச்சு என்று கேட்டாய், போனில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இங்கே ஒரு சாவு விழுந்தால் பிள்ளைகள் எல்லாம் துபாயிலும் குவைத்திலும் இருக்கிறார்கள், அங்கிருந்தபடியே போனில் தேடி மங்களூரிலிருந்து பெட்டியை வரவழைத்துவிடுகிறார்கள், தெருமுனையில் நாம் இருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. இப்படியே போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று ஆனபிறகு மம்மி உன் பழைய லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். நாமே படம் போட்டு, நாமே எழுதி வெப்சைட் கட்டிக்கொள்ள இடம் தரும் கம்பெனிகள் நிறைய இருக்கின்றன. முதலில் பார்த்ததில் நம் மாமரப் பெட்டிக்குக் கீழே, இதை வாங்கியவர்கள் மீண்டும் வாங்க விரும்புகிறார்கள் என்று தானாக வந்து நின்றது. மம்மி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, “இவன் வேண்டாங்க, பொணமே எழுந்து சண்டைக்கு வந்துடும்” என்றாள். அடுத்தது பூவும் பலூனுமாகக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. மூன்றாவதுதான் அடக்கமாக இருந்தது, கன்னடத்திலும் எழுதலாம், விசாரிக்கிறவர்கள் எழுதக் கீழே ஒரு கட்டம். கொஞ்ச நாள் இலவசமாகக் கட்டிப் பார்க்கலாம், நாம் திறக்கச் சொல்லும்வரை வெளியே யாருக்கும் தெரியாது என்றார்கள். இதை நன்றாகக் கவனித்துக்கொள்.

திறப்பதற்கு முன்பே அந்தக் கட்டத்தில் ஒரு செய்தி வந்துவிட்டது. நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன், மம்மி கூப்பிட்ட குரலே வேறு மாதிரி இருந்தது. பெயர் ஃபெலிசித்தா, போன் நம்பர் இல்லை. குட்டையான பெண்ணுக்கு ஒரு பெட்டி வேண்டும், உள்ளே வெள்ளைத் துணி வேண்டாம், நீலம், முதுகுப் பக்கம் மெத்தென்று இருக்கட்டும், புண் இருக்கிறது என்று எழுதியிருந்தது. நான் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், “சார், உங்க சைட் இன்னும் திறக்கவே இல்ல, வெளியாள் எழுத வழியே கிடையாது, நீங்களேதான் எழுதிப் பாத்திருப்பீங்க” என்றாள். மறுநாள் அதே பெயரில் இன்னொன்று வந்தது. தயாரா என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

எவனோ விளையாடுகிறான் என்றேன். மம்மி கேட்கவில்லை. “வெளையாடுறவனுக்கு முதுகுப் புண்ணப் பத்தி என்னங்க தெரியும்? செஞ்சு வைங்க. யாரும் வரலன்னா வேற யாருக்காவது ஆகும்” என்றாள். செய்தேன். மம்மியே நீலத் துணி வாங்கி வந்து, அடியில் பஞ்சு கூடுதலாக வைத்துத் தைத்தாள். இத்தனை வருஷத்தில் எனக்குப் பெட்டி என்றால் பயம் வந்ததே இல்லை, ஆனால் அந்தப் பலகையை இழைக்கும்போது மட்டும் முதுகுக்குப் பின்னால் யாரோ பொறுமையாக நின்று பார்ப்பதுபோலவே இருந்தது, திரும்பினால் வாசலில் மழை.

பெட்டி முடிந்த மறுநாள் பொனிஃபாஸ் என்று ஒருவர் குடைகூட இல்லாமல் நனைந்து வந்தார், மேலே ரப்பர் தோட்டத்துப் பக்கம் இருப்பவர், உனக்குத் தெரியாது. விடிகாலையில் அக்கா போய்விட்டாள் என்றார். அவர் அக்கா பெயரைச் சொன்னதுமே மம்மி வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபெலிசித்தாதான். வருஷக்கணக்காகப் படுத்த படுக்கை, கண்ணும் தெரியாது, அந்த வீட்டில் போன் சிக்னல்கூடக் கிடையாது. நான் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவர் உள்ளே கைவைத்து அந்த மெத்தென்ற இடத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, “நேத்து அக்கா சொன்னா, நீ பெட்டிக்கு அலையாதடா, சவப்பெட்டிக்கட பௌஸ்தின்கிட்ட சொல்லியாச்சு, பண்ணிட்டான்னு. காய்ச்சல்ல ஒளர்றாளோன்னு நெனச்சேன்” என்று அழுதார்.

அடக்கம் முடிந்து வந்ததும் அந்தக் கட்டத்தை எடுத்துவிடு, போன் நம்பர் மட்டும் போதும் என்றேன். மம்மிக்குக் கோபம் வந்துவிட்டது. “படுத்துக் கெடந்த மனுஷி, தன் முதுகு வலிய யார்கிட்டயும் சொல்ல முடியாம நம்மகிட்ட வந்து சொல்லியிருக்கா, அந்த வழிய அடைக்கச் சொல்றீங்களே” என்றாள். அந்தக் கம்பெனிக்கே பணம் கட்டி, கட்டத்தோடேயே நேற்று திறந்துவிட்டோம். அதற்குள் குவைத்திலிருந்து இரண்டு பேர் நம்பரோடு விசாரித்திருக்கிறார்கள். நம்பர் இல்லாமலும் ஒன்று வந்திருக்கிறது, நமக்குத் தெரிந்த பெயர் இல்லை, பயப்படாதே. மம்மி அந்தப் பெயருக்கு ஜெபம் சொல்கிறாள், நான் பலகை எடுத்து வைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. ஆண்டவர் உங்கள் இருவர் தலையிலும் கைவைத்துக் காக்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, வெப்சைட் சரியாக வேலை செய்கிறதா என்று அங்கிருந்து சோதித்துப் பார்ப்பதாக மாப்பிள்ளை மம்மியிடம் சொன்னாராம். படங்களைப் பார்க்கட்டும், எழுதியதைப் படிக்கட்டும். அந்தக் கட்டத்தில் மட்டும், சோதனைக்குக்கூட, உங்கள் இருவர் பெயரையும் எழுத வேண்டாம் மகளே.

உன் பப்பா,
பௌஸ்தின் லோபோ