எனக்கு வராத பந்துகள்

மே 4, 2025

நெடுங்காடு அணியோடு கால்பந்து ஆட்டம். 0–2 தோல்வி. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கோச் குணசேகரன் சார் என்னை வெளியே எடுத்துவிட்டார். இந்த சீசனில் மூன்றாவது தடவை. ஆட்டம் முடிந்ததும் சிவப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "விடுடி, எல்லாருக்கும் இப்படி ஒரு நேரம் வரும்." பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நடுக்களத்தில் அவளும் நானும்தான்.

மே 6

சார் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டினார்.

"போன வருஷம் ஒரு ஆட்டத்துக்கு முப்பத்தெட்டு பாஸ் குடுத்த. இப்ப பதினேழு. புதுச்சேரி ஸ்டேட் டீம் கேம்ப்புக்கு நம்ம டீம்லேர்ந்து ஒரு மிட்ஃபீல்டர்தான். இத வச்சுக்கிட்டு ஒன் பேர எப்படிம்மா அனுப்புறது, நந்தினி?"



மே 9

விடிந்ததும் கருக்களாச்சேரி கடற்கரை மணலில் ஓடினேன். மூச்சு வாங்கவில்லை. கால் வலிக்கவில்லை. அப்புறம் என்னதான் ஆச்சு எனக்கு?

மே 11

மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில்தான், டிவியில் கிரிக்கெட். நான் அடுப்படியில் உட்கார்ந்து சார் எடுத்த வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன்.

சார் எண்ணியது நான் கொடுத்த பாஸை. எனக்கு வந்ததை யாருமே எண்ணவில்லை! கொடுத்ததில் பத்துக்கு எட்டு சரியாகத்தான் போகிறது, போன வருஷம் மாதிரியே. பந்து வந்தால்தானே கொடுக்க முடியும்?

யார் யார் தந்தார்கள் என்று எண்ணினேன். மற்றவர்கள் எப்போதும் போல. சிவப்ரியா மட்டும் — போன வருஷம் ஆட்டத்துக்குக் குறைந்தது இருபது தருவாள். இந்த வருஷம் இரண்டு. ஒன்று. போன ஆட்டத்தில் ஒன்றுகூட இல்லை.

எண்ணிக்கை மட்டும் என்றால் தற்செயல் என்று விட்டிருப்பேன். ஆளில்லாத இடத்தில் நான் கையைத் தூக்கி நிற்கிறேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். திரும்பத் திரும்ப.

மே 12

சுரக்குடிக்கு அவள் வீட்டுக்கே போனேன். வீடியோவை ஓடவிட்டேன். மறுக்கவில்லை.

"எனக்கு இருபத்தாறு ஆச்சு நந்து. இத விட்டா கேம்ப்பே கெடையாது. ஒனக்கு இன்னும் வயசு இருக்கு."

"கேட்டிருந்தா விட்டுக்குடுத்திருப்பேனேடி."

"மாட்ட."

விட்டுக்கொடுத்திருப்பேனா? தெரியல. ஆனா அந்தத் தண்ணி பாட்டில் எதுக்குடி? ஆறுதல் எதுக்குடி சொன்ன? நான் கெட்டுப்போயிட்டேன்னு நெனச்சு மணல்ல ஓடி ஓடி என்னையே திட்டிக்கிட்டேனே — தெரிஞ்சுதானே பாத்துக்கிட்டிருந்த?

மே 14

சாரிடம் காட்டினேன். கடைசிவரை பார்த்தார்.

"பேரு நேத்தே போயிடுச்சும்மா."

மே 25

அவள் புதுச்சேரி போய்விட்டாள். வாட்ஸப் குழுவில் எல்லோரும் வாழ்த்து. நான் போடவில்லை.

ஜூலை 6

நாகூர் அணிக்கு மாறிய பிறகு முதல் ஆட்டம். தொடங்கியதுமே கேப்டன் ஷஃபீனா எனக்குப் பந்தைத் தள்ளினார். நான் அசையாமல் நின்றேன். காலைத் தாண்டிக் கோட்டுக்கு வெளியே ஓடிவிட்டது.

"என்னங்க, நீங்கதானே கை காட்டுனீங்க?"

காட்டினேன்தான். அது பழக்கம். வரும் என்று நினைக்கவில்லை. "சாரிங்க" என்றேன்.

அடுத்த பந்தையும் அவர் எனக்கே தந்தார்.