ஆறாவது ஊரின் முறை

சங்கராபுரம் வட்டம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் செழியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் அருள்மொழியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், டென்மார்க் குளிரில் உன் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் அந்த மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும். உடம்பைப் பற்றித்தான் சொன்னேன். மனசைக் கேட்டால், நான் கோபமாக இருக்கிறேன், அதில் பாதிக் கோபம் உன்மேல். போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லியே என்னை அடக்கிவிடுவாய், கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் பத்தாவது படித்தபோது எழுதிய கையெழுத்தை இப்போது திரும்பப் பழகிக்கொண்டு எழுதுகிறேன். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ, அருள்மொழி போனில் படம் பிடித்து இன்றைக்கே அனுப்பிவிடுவாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகிற கரும்பு லோடு ஏற்றப் போகிறார், முட்டி வலிக்கிறது என்று ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிறார், தைலம் தேய்த்துவிடட்டுமா என்றால் ஒன்றுமில்லை என்கிறார். அருள்மொழிக்குச் சின்னசேலத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை நிரந்தரமாகிவிட்டது, வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டாள், பின்னால் உட்கார்ந்து போகிற எனக்குத்தான் உயிர் உடம்பில் இல்லை. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டது, ரெண்டும் கிடாய். குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் கதிர் ஒடித்து முடிந்தது, எப்போதும் போலத் தார் ரோட்டில்தான் கொட்டிக் காயவைத்துக்கினு கிடக்கிறோம், லாரிக்காரன் திட்டிக்கொண்டே போகிறான். நீ அங்கே ரொட்டியைத் தின்றே வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு வேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆராய்ச்சியில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் கம்பெனியில்தான் போன வாரம் போர்டு கூட்டம். ஆறு ஊர்க்காரர்கள் சேர்ந்து மக்காச்சோளத்தை வியாபாரி வாயில் போடாமல் நாமே விற்பதற்கு ஆரம்பித்தது அது. ஊருக்கு ஒருவர் போர்டில், நம் காலனிக்கு நான். ஆரம்பித்த நாளிலேயே தலைவர் பதவிக்குச் சண்டை வரக்கூடாது என்று ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பது மாதிரி முறை வைத்தோம், வருஷத்துக்கு ஒரு ஊர், உறுப்பினர் அதிகமுள்ள ஊர் முதலில். நம் காலனி சின்னது, அதனால் கடைசி. சரி என்று ஒத்துக்கொண்டோம். பழைய தலைவர் குடோன் சாவியையும் கம்பெனி முத்திரையையும் எடுத்துக்கொண்டு போர்டு மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு புதுத் தலைவரின் தெருவுக்கே வர வேண்டும், அந்தத் தெருவில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு சாவியைக் கொடுக்க வேண்டும், இதுவும் அன்றைக்குப் பேசியதுதான். ஆரம்பித்த நாளையும் சேர்த்து ஐந்து வருஷம் ஐந்து தெருவுக்கும் நான் போய் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு தெருவில் எனக்கு மட்டும் பேப்பர் கப், அதையும் குடித்தேன். இந்த மாசியில் நம் முறை.

கூட்டத்தில் மேனேஜர் இளமாறன் கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த காகிதங்களைப் பிரித்து, வெளிநாட்டில் நடந்த ஆராய்ச்சி, நிர்வாகமும் புதுமை முயற்சியும் பற்றியது, எழுதியவர் நம்ம செழியன் என்று சொல்லித் தமிழில் வாசித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள். அப்புறம்தான் அடுத்த பக்கம் வந்தது. வருஷத்துக்கு வருஷம் தலைமை மாறுகிற நிறுவனங்களில் புதிய முயற்சிகள் பாதியில் நிற்கின்றன, ஒரே தலைமை ஐந்து வருஷம் தொடர்ந்தால் நல்லது. வாசித்து முடித்ததும் தங்கதுரை எழுந்தார். முதல் வருஷத் தலைவர் அவர்தான். இன்னா தைலம்மா, உம்மவனே சொல்லிட்டான், நாங்க சொன்னாதான் தப்பு, படிச்ச புள்ள சொன்னா கேக்கணும் இல்ல, இந்த வருசத்துல இருந்தே அஞ்சு வருசத்துக்கு ஒருத்தர வெச்சிடலாம் என்றார். அந்த ஒருத்தர் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எதிரிலேயே நின்றிருந்தார். உன்னைப் பெற்ற வயிறு அன்றைக்கு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நான் ஏன் அங்கேயே மறுத்துப் பேசவில்லை தெரியுமா, நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. தங்கதுரை வருஷத்தில் கம்பெனி வாங்கிய சோளம் உலர்த்தும் மெஷினை அவர் தன் கொல்லைப் பக்கத்துக் கொட்டகையில் இறக்கிவைத்தார், அங்கே டிராக்டர் போக வழி இல்லை. அடுத்த வருஷத் தலைவர் அதைத் தொடவில்லை, அதற்கடுத்தவர் தார்ப்பாய் போட்டு மூடினார், இப்போது கோழி முட்டையிடுகிறது. புதுமை பாதியில் நின்றது வாஸ்தவம்தான். ஆனால் ஐந்து ஊர்க்காரர்கள் ஐந்து வருஷம் செய்த தப்புக்கு நீ கண்டுபிடித்த மருந்தை ஆறாவது ஆளான எனக்கு ஏன்டா குடிக்கக் கொடுக்கிறார்கள். ஆறு ஊர் முறை வைத்திருக்கிறது என்று எழுதினாய், அதுவரைக்கும் விரல் மடக்கினாய், ஆறாவது விரல் யாருடையது என்று ஒரு தரம் பார்த்திருக்கக் கூடாதா. நம் ஏரியிலும் இப்படித்தான், கடைசி வயலுக்கு முறை வரும்போதுதான் மதகு பழுதாகும்.

வெளியே வந்தபோது காசியம்மாள் என் கையைப் பிடித்து வேப்பமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஐந்தாம் வருஷத் தலைவர் அவள்தான், சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. தங்கதுரை அவளிடம் சொன்னாராம், தைலம்மா அந்த சேர்ல உக்காந்தா நாம எங்க உக்கார்றது, அந்தத் தெருவுல போயி டீ குடிச்சுட்டு அப்புறம் பொண்ணு கேட்டு எந்த வூட்டுக்குப் போறது. அவ்வளவுதான் செழியா. உன் ஆராய்ச்சி முழுவதையும் அவர் அந்த ஒரு டீ குடிக்காமல் இருப்பதற்காகத்தான் படித்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். நீ பதறிப்போனாய், அம்மா அது பொதுவான முடிவு, பல கம்பெனிகளைப் பார்த்து எழுதினது, நம்ம ஊருக்காக எழுதலை என்றாய். அதுவரைக்கும் சரி. அதற்கப்புறம் ஒன்று சொன்னாய் பார், அதுதான் ராப்பகலாக என்னை அறுக்கிறது. விட்டுடும்மா, உனக்கு எதுக்கு இந்த வம்பு, கூட்டத்துல யாராவது ஏதாவது சொல்லிட்டா எனக்கு இங்க இருந்து தாங்காது என்றாய். உனக்குத் தாங்காது என்பதற்காக நான் என் இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டுமா. பள்ளிக்கூடத்தில் உன்னைப் பின்பெஞ்சில் உட்காரவைத்தபோது நான் வந்து நின்றேனே, அன்றைக்கு எனக்கு மட்டும் தாங்கியதா. பாசத்தில் சொன்னாய் என்று தெரியும், இருந்தாலும் அப்படி ஒரு வார்த்தை இனிமேல் என்னிடம் சொல்லாதே.

திங்கட்கிழமை இளமாறன் வீடு தேடி வந்தான். நல்ல பையன், அவனுக்குக் கள்ளம் கிடையாது, பேங்கில் அடிக்கடி தலைவர் மாறுகிறாரே என்று கேட்கிறார்கள், அந்தக் கவலை அவனுக்கு. நீ அனுப்பிய மெயிலைக் காட்டினான். இந்த நிறுவனத்தில் சமூகக் காரணங்களை முன்னிட்டு இந்த ஒரு வருஷம் மட்டும் விதிவிலக்கு அளிக்கலாம் என்று எழுதியிருந்தாயாமே. அக்கா, இத வெச்சி உங்களுக்கு மட்டும் ஒரு வருசம் கேட்டு வாங்கிடலாங்க, தங்கதுரை அண்ணனும் சரின்னு சொல்லிடுவாரு, டீ எல்லாம் ஆபீஸ்லயே வெச்சிக்கலாம்னு சொல்றாரு என்றான். நான் அவனுக்கு மோர் கொடுத்தேன், மெயிலைத் திருப்பிக் கொடுத்தேன். கேட்டு வாங்குவதற்கு இது ரேஷன் அரிசியா. ஐந்து பேருக்கு முறை என்று பேர், எனக்கு வரும்போது மட்டும் விதிவிலக்கு என்று பேரா. எனக்கு விதிவிலக்கு வேண்டாம், முறைதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்பா வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் எதற்கும் வாய் திறக்க மாட்டாரே, இளமாறன் போனதும், கூட்டத்தன்னிக்கு நீ போ, சோறு நான் ஆக்கிக்கிறேன் என்றார். அவர் ஆக்கினால் யார் தின்பது என்பது வேறு விஷயம், ஆனால் எனக்கு அது போதும்.

நேற்று மறுபடியும் போர்டு கூடியது. இந்தத் தடவை நான் முதலிலேயே எழுந்துவிட்டேன். எம்மவன் எழுதனது சரிதாங்க, அஞ்சு வருசத்துக்கு ஒரே தலைவர் நல்லதுன்னா அப்படியே வெப்போம், நானே மொதல்ல கை தூக்கறேன், ஆனா ஆறாவது ஊரு முறை முடிஞ்ச அன்னிக்கு வெப்போம், ஒரு சுத்து முடியாம எவனும் வரப்பு மாத்தி வெட்ட மாட்டான், அப்ப தேர்தல் வரட்டும், அதுலயும் நான் நிப்பேன் என்றேன். தங்கதுரை சிரித்தார். நீ நின்னா யாரு போடுவாங்க என்றார். ரோட்டுல சோளம் தள்ளிக்கினு லாரிக்காரங்கிட்ட திட்டு வாங்கறாளுங்களே, ஆறு ஊருலயும் கீறாளுங்க, அவளுங்க போடுவாளுங்க, மெஷின உங்க கொட்டகையில இருந்து ரோட்டோரமா இழுத்துட்டு வரேன்னு சொன்னா போடாம எங்க போவாளுங்க என்றேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. பேச்சு முடிவதாக இல்லை, கடைசியில் பொதுக் கூட்டத்தில் உறுப்பினர்களே கை தூக்கிச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம். ஜெயிப்போமா என்று கேட்காதே, கணக்குப் பார்த்தால் நம் தெருக் கைகள் கம்மிதான், மற்ற ஊர்ப் பெண்கள் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள். காசியம்மாள் மட்டும், சாவி எங்கிட்டதான் கீது, அத எந்தத் தெருவுக்கு எடுத்துக்கினு போவணும்னு எனக்குத் தெரியும் என்றாள். அவள் வீட்டில் அதற்கு என்ன நடக்குமோ தெரியவில்லை, அதை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

நீ உன் ஆராய்ச்சியைத் திரும்பப் பெறப்போவதாக அருள்மொழியிடம் சொன்னாயாம். அப்படிச் செய்தால் என் முகத்தில் விழிக்காதே. மலையில் இருந்து கடலூர் வரை அலைந்து கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி எழுதியது, அம்மா அழுதாள் என்று கிழித்துப் போடுவதற்கா. எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுது, முறை எந்தத் தெருவுக்கு வந்தபோது அதை நிறுத்தப் பார்த்தார்கள் என்று எழுது, அதற்கும் நிர்வாகம் என்றுதானே பேர். பேரை மறைக்காமல் எழுது, தைலம்மாள், இந்த ஊர், இந்தக் காலனி என்று எழுது, நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உன் புரொபசர் நடுநிலையாக இல்லை என்று சொன்னால், நான் மட்டும் நடுவிலா நிற்கிறேன் என்று அம்மா கேட்டாள் என்று அவரிடம் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், வெட்கப்படாதே, அங்கே உன்னை யார் பார்க்கப்போகிறார்கள். கோபமாக எழுதிவிட்டேன் என்று மனசில் வைத்துக்கொள்ளாதே, நீ நல்லா இரு, நூறு வருஷம் இரு, உன் எழுத்து பெரிய இடமெல்லாம் போகட்டும், போகிற இடத்தில் எல்லாம் தலை நிமிர்ந்து உட்கார்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாதே, எனக்குக் கை ஒழியாது, டீ போட நம் தெருவில் பாலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், யார் வந்தாலும் வராவிட்டாலும் அடுப்பு எரியும். திங்கட்கிழமை போன் செய். எடுத்ததும் இன்னாமா ஆச்சு என்று கேட்காதே. தலைவரே என்று கூப்பிடு. தோற்றிருந்தாலும் அப்படித்தான் கூப்பிட வேண்டும், இந்த வருஷம் முறை என்னுடையது.

உன் அம்மா,
சி. தைலம்மாள்,
ஆறாம் வருஷத் தலைவர்.