பத்துப் பேரோடு ஆட மாட்டோம், டாடி

என் அன்பான டாடிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. மம்மி நலம். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி இறங்குகிறார், சொன்னால் கேட்பதில்லை. உங்கள் ஸ்கூட்டர் இன்னும் ஓடுகிறது. பந்து வலையை அதன் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு இப்போது நான்தான் நம் காக்ஸ் டவுனைச் சுற்றுகிறேன். ஆமாம், ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கிவிட்டேன். பெண் பிள்ளைகளுக்கு.

இதைக் கேட்டதும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இருந்தபோது ஒரு வார்த்தை பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை. இப்போது எல்லோரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

உங்களைத் தெரிந்தவர்கள் எல்லாரும் உங்களைத் தங்கமான மனிதர் என்கிறார்கள். நானும்தான். ஆபீசுக்குப் போகும் முன் தினமும் விடியற்காலையில் நம் தெருப் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தீர்கள். ஷூ இல்லாத ஒருவனுக்கு உங்கள் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தீர்கள். எனக்கு டைபாய்டு வந்தபோது லீவு போட்டுவிட்டு என் கட்டில் பக்கத்திலேயே கிடந்தீர்கள். இதையெல்லாம் நான் மறக்கவில்லை, டாடி. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறேன். அந்தச் சனிக்கிழமை ஏன் அப்படிச் செய்தீர்கள்?

எனக்குப் பன்னிரண்டு வயது. எப்போதும் போல கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று, வெளியே வரும் பந்தை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று உங்கள் கீப்பர் வரவில்லை. சும்மா ஒரு ஃப்ரெண்ட்லி மேட்ச். கோப்பையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கீப்பரின் கிளவுஸ் டீம் பைக்குள் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு நான் கோலுக்குள் போய் நின்றேன்.

எதிர் டீம் பையன்கள்கூட ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள்தான் நடந்து வந்தீர்கள். திட்டவில்லை. கிளவுஸைக் கழற்றினீர்கள், என் தோளில் கை வைத்து மறுபடி போஸ்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். பிறகு பின்வரிசையில் பேக் ஆடும் பையனைக் கோலில் நிற்க வைத்து, பத்துப் பேரோடு ஆடித் தோற்றீர்கள். வீட்டுக்குத் திரும்பும்போது, "என்ன பண்றது, இன்னைக்கு ஆளு கம்மி" என்றீர்கள்.

ஆள் கம்மியா, டாடி? நான் உங்கள் முதுகுக்குப் பின்னால்தானே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தேன்?

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். உங்கள் மகள் இன்று நாற்பத்தாறு வயது கணக்கு டீச்சர். என் வகுப்புப் பிள்ளைகள் லஞ்ச் பிரேக்கில் காலித் தண்ணீர் பாட்டிலை உதைத்து ஆடுவதைப் பார்த்தேன். பந்து வாங்கிக் கொடுத்தேன். சேர்ந்தவர்கள் சரியாகப் பதினோரு பேர். கிரவுண்ட் கேட்க அமல்ராஜ் அங்கிளிடம் போனேன். உங்கள் பழைய லெஃப்ட் விங்கர்தான் இப்போது மைதானக் கமிட்டி செகரெட்டரி.

"கிரவுண்டு தானே, எடுத்துக்கோம்மா" என்றார். "ஒரே ஒரு கண்டிஷன். கிளப்புக்கு உங்க டாடி பேர வச்சிடு. மெமோரியல் கிளப்புன்னா கமிட்டியில ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. சும்னே, வெறும் கேர்ள்ஸ் டீம்னு போய் நின்னா ஆயிரம் கேள்வி வரும்."

போனவர்கள் பெயரில் டீம் வைப்பது நம் பக்கத்தில் புதிதா என்ன? எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. உங்கள் பெயரைப் பிள்ளைகளின் முதுகில் பார்த்தால் மம்மி அழுதே விடுவார். கிரவுண்ட் கேட்கும் ஃபாரத்தில் எழுதியும் விட்டேன். அதைப் பிள்ளைகளிடம் காட்டியபோது எங்கள் கீப்பர் ரேவதி ஒரு கேள்வி கேட்டாள்.

"மிஸ், உங்க டாடி டீம்ல நீங்க எந்த பொசிஷன்?"

"கோல் போஸ்டுக்குப் பின்னாடி" என்றேன்.

ஜோக் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். ரேவதி மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ எதுக்கு மிஸ் அவரு பேரு?"

உங்களுக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள். பெயரை அடித்துவிட்டு ஃபாரத்தை அங்கிள் மேஜைமேல் வைத்தேன். அவருக்கு வந்ததே கோபம்!

"பெத்தவரு பேர அடிக்க உனக்கு எப்டிம்மா மனசு வந்துச்சு?"

"அவரு இருந்திருந்தா இந்தப் பிள்ளைங்கள உள்ள விட்டிருப்பாரா அங்கிள்? ஆமான்னு சொல்லுங்க, இப்பவே திருப்பி எழுதறேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கமிட்டியில பேசறேன்" என்றார். இரண்டு மாதமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். கிரவுண்ட் கேட்டில் புதுப் பூட்டு தொங்குகிறது.

தொங்கட்டும். நாங்கள் ஸ்கூல் பேஸ்கட்பால் கோர்ட்டில் ஆடுகிறோம். சிமெண்ட் தரை, விழுந்தால் முட்டி உரிந்துவிடும். கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் ஒரு தாய் நேராக ஸ்கூலுக்கே வந்து சண்டை போட்டார். "காலெல்லாம் தழும்பாச்சுன்னா நாளைக்கு எவன் மிஸ் கட்டுவான்?" "தழும்பப் பாத்து வேணாங்கறவன் நமக்கு வேணவே வேணாம்மா" என்றேன். முறைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் பழைய ஜீன்ஸை வெட்டி முட்டிக்கு உறை தைத்து அனுப்பினார், பதினோரு ஜோடி.

கிளப்புக்கு என்ன பெயர் என்று கேட்கிறீர்களா? தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று, உருதுவில் ஒன்று என்று பிள்ளைகள் ஒரே ரகளை. கடைசியில் 'லெவன்' என்று முடிவானது. முன்னால் பின்னால் எதுவும் இல்லை. வெறும் லெவன்.

போன சனிக்கிழமை லிங்கராஜபுரத்தில் எங்கள் முதல் மேட்ச். சும்மா ஒரு ஃப்ரெண்ட்லிதான். ரேவதிக்குக் காய்ச்சல். வந்தது பத்துப் பேர். அந்த டீம் கோச் நல்ல மனிதர். "பத்து பேர வச்சே ஆடிடுங்க மேடம், ஃப்ரெண்ட்லி தானே" என்றார்.

"பத்து பேரோட ஆட மாட்டோம் சார்" என்றேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். ரேவதியின் கிளவுஸை மாட்டிக்கொண்டு கோலுக்குள் போய் நின்றேன். முப்பத்து நான்கு வருடம் லேட், அவ்வளவுதான்.

நாலு கோல் விட்டேன். ஐந்தாவது பந்து நேராக நெஞ்சைப் பார்த்து வந்தது. "ரெண்டு கையும் பந்துக்குப் பின்னாடி! கண்ண மூடாத!" என்று உங்கள் குரல் காதில் விழுந்தது. பந்து என் கையில் இருந்தது. பிள்ளைகள் ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்கள். நீங்கள் அந்த வார்த்தைகளைக் கோலில் நின்ற பையன்களுக்குத்தான் சொன்னீர்கள். போஸ்டுக்குப் பின்னால் நின்றவள் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா?

நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். சாயங்காலம் என் முழங்கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "அவரு பாத்திருக்கணும்" என்றார் மம்மி. எதற்கு என்று கேட்டேன். இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

உங்கள் பெயர் எங்கள் ஜெர்சியில் வராது, டாடி. பூட்டு தொங்கினாலும் வராது, கேட்டைத் திறந்துவிட்டாலும் வராது. உங்கள் மேல் எனக்கு உயிர். அதனால்தான் உங்களைப் பற்றிப் பொய் எழுத மனம் ஒப்பவில்லை.

ஆனால் நீங்கள் வரலாம். கோல் போஸ்டுக்குப் பின்னால் இடம் காலியாகத்தான் இருக்கிறது. வெளியே வரும் பந்தை எடுத்துப் போடுங்கள். ஒரு சத்தியம் மட்டும் செய்து தருகிறேன். என்றைக்காவது எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தால், உங்களை அங்கேயே நிற்க வைத்துவிட்டு நான் பத்துப் பேரோடு ஆட மாட்டேன்.

உங்கள் ஒரே மகள்,
லெவனின் ரிசர்வ் கீப்பர்