சத்ரப்புகளைப் பற்றி நீ பேசிய சனிக்கிழமை

இன்று காலை ஃப்ரீமான்ட் ரயிலில் எதிரே உட்கார்ந்த பெண்ணின் மடியில் பழைய பாரசீகப் பேரரசின் வரைபடம் விரிந்திருந்தது. மாகாணத்துக்கு ஒரு நிறம். அவளிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. நீயாக இருந்தால் பேசியிருப்பாய். இறங்குவதற்குள் போன் நம்பரும் வாங்கியிருப்பாய்.

இதே ரயிலில், ஆபீஸ் போகும் வழியில்தான் அந்த வரலாற்றை உனக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

"சத்ரப்னா கவர்னர்தானே, அதுக்கு ஏண்டி தனியா ஒரு பேரு?" என்றாய்.

"நாட்டைக் காக்கிறவன்னு அர்த்தம்டி," என்றேன். நான் வருடக்கணக்கில் படித்ததை ஒரே குளிர்காலத்தில் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாய்.

நூலகத்தில் நடக்கும் தமிழ்க் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச உன்னைத்தான் கூப்பிட்டார்கள். என் பெயர் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வாரம் முன்பு உன் குறிப்புகளைக் கொடுத்து, "தப்பு இருந்தா சொல்லு," என்றாய். ஒரு தப்பு இருந்தது. நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை அறை நிரம்பியிருந்தது. "பேரரசர் எந்த சத்ரப்பையும் முழுசா நம்பலை. பக்கத்துலயே தனக்கு நேரா ரிப்போர்ட் பண்ற தளபதி ஒருத்தரை வச்சார். நம்ம மேனேஜருக்குத் தெரியாம டைரக்டர் நம்மளைக் கூப்பிட்டு விசாரிப்பாரே, அந்த மாதிரி," என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். தகவல் என்னுடையது. ஆனால் இப்படிச் சொல்ல எனக்கு ஜென்மத்துக்கும் தோன்றியிருக்காது. வயிறு எரிந்தது.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். "'மன்னர்களின் மன்னர்' பாரசீகர்கள் உண்டாக்கின பட்டம்னு சொன்னீங்க. அவங்களுக்கு ரொம்ப முன்னாடியே அசீரிய ராஜாக்கள் அதைப் போட்டுக்கிட்டாங்களே?"

நீ என்னையே பார்த்தாய். "அது எனக்குத் தெரியாதுங்க," என்றாய்.

திங்கட்கிழமை ரயிலில் மெதுவாகக் கேட்டாய்: "நோட்ஸைப் படிச்சப்பவே உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

மறுநாளிலிருந்து நீ வேறு பெட்டியில் ஏறினாய். நோய் உன்னைப் படுக்கையில் தள்ளிய பிறகு, நீயே கூப்பிட்டனுப்பினாய். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். நீ என்னை ஆரம்பிக்கவே விடவில்லை.

"எனக்கும் உன் மேல பொறாமைதான்டி. நான் பேசினது அடுத்த மாசமே எனக்கு மறந்துபோச்சு. உனக்கு எதுவும் மறக்காது."

பத்து நாளில் நீ போய்விட்டாய். என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டாள், அதுவும் நீ என்பதில் எனக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம் உண்டு. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது. கேட்க வந்த மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.