பரணில் இலை, அடுப்பில் நெல்

தை 18, ஞாயிறு

காலையில் கடும் பனி. எதிர்வீட்டு வேப்பமரமே தெரியவில்லை. அந்த மறைவில் மூன்று செடியையும் அறுத்தாகிவிட்டது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், ஆமணக்குக்கு நடுவே நின்றவை. ஆமணக்கைவிட ஒரு முழம் உயரம். இத்தனை நாள் யார் கண்ணிலும் படாதது சாமி புண்ணியம்.

ஆடியில் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை வீட்டுக்கே கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்களே, அந்த வாரம் ஊன்றிய விதை. வயிற்றில் கட்டி. தூக்கம் இல்லை. சோறு இல்லை. ஒரே உட்காரலில் முப்பது இட்லி துன்றவன் என்று ஊரில் பேர் வாங்கியவன், இப்போது கஞ்சி இரண்டு கரண்டி.

நாகலாபுரம் வைத்தியர் (இனி வை.) சொன்னது: "எல நீ கொண்டா. லேகியம் நான் கிண்டித் தரேன். எங்கேர்ந்து வந்துச்சின்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல." முன்பெல்லாம் அவரிடமே கஞ்சா இலை இருக்கும். வருகிற சித்திரைக்குள் நம் ஊர்கள் ஆந்திராவுக்குப் போகின்றன. அவர் வைத்திருந்த உத்தரவுக் காகிதம் மெட்ராஸ் கொடுத்தது. புது சர்க்கார் என்ன சொல்லுமோ என்று பயந்து, இருந்ததையெல்லாம் கிணற்றில் கொட்டிவிட்டாராம். கிணற்றில்! அன்று அந்தத் தெருவே நன்றாகத் தூங்கியிருக்கும்.

செய்தது: பரணில் கயிறு. தலைகீழாகத் தொங்கல். ஏணியை ஒளித்தது.
செய்யவேண்டியது: பத்துப் பன்னிரண்டு நாள் உலர்த்தல். பிறகு இலை கழித்து, மண்பானையில் மூன்று வாரம்.

"அவசரப்பட்டா நாத்தம்தான் மிஞ்சும்" என்கிறார் வை. யாரிடம் சொல்கிறார்? சோறு கொதி வருவதற்குள் மூன்று தடவை மூடி திறந்து பார்க்கிறவன் நான்.

தை 19

பள்ளிக்கூடத்துக்கு (இனி ப.கூடம்) பாடம் எடுக்கப் போகும் முன் பரண் ஏறினேன். வந்ததும் ஏறினேன். காப்பி குடித்துவிட்டு ஏறினேன். இலை அப்படியேதான் இருக்கிறது.

அண்ணன் கட்டிலிலிருந்து: "இன்னாடா, பரண்மேல பொண்ணு பாத்து வெச்சிக்கிறியா? ஏறிக்கினும் எறங்கிக்கினும் கீற."

சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவனைச் சிரிக்க வைக்கக் கூடாது. சிரிக்காமலும் இருக்க மாட்டான்.

தை 21

கோபம். எழுத்தே கோணல்.

மாலை ப.கூடம் விட்டு வந்தால் வீடு முழுக்க ஆவி. பனிக்குப் பயந்து அடுப்பை உள் தாழ்வாரத்திலேயே மூட்டி, அண்டாவில் அண்ணி நெல் அவித்துக்கொண்டிருக்கிறார். நேர் மேலே பரண். மூன்று மூட்டை நெல். காலையிலிருந்து அவிகிறதாம். ஏறிப் பார்த்தேன். காய ஆரம்பித்த இலையெல்லாம் துவண்டு ஈரமாகத் தொங்குகிறது.

"யாருக்கு அண்ணி இவ்ளோ நெல்லு? நாம மூணு பேரு. அதுல ஒருத்தரு துன்றதே இல்ல."

துடுப்பால் கிளறிக்கொண்டே இருந்தார். அடுப்பைப் பார்த்தபடியே: "நாலு பேரு வந்தா போட வேணாமா?"

பிறகுதான் எனக்கு உறைத்தது. காரியத்துக்கு. அண்ணன் காரியத்துக்கு அரிசி.

நான் அவனைத் தூங்கவைக்க இலை காயப்போடுகிறேன். கீழே அண்ணி அவனுக்குப் பதினாறாம் நாள் சோற்றுக்கு நெல் அவிக்கிறார். அவன் இரண்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, "புழுங்கல் வாசனை நல்லாக் கீது" என்கிறான்.

தை 22

அண்ணியோடு பேச்சில்லை. சோறு வைத்தார், தின்றேன். அவ்வளவுதான்.

தை 24

ஒன்றரைச் செடியில் பூஞ்சணம். சாம்பல் தூவினது மாதிரி வெள்ளை. எரிக்கவும் முடியாது, வாசனை ஊரைக் கூட்டும். எருக்குழியில் ஆழமாகப் புதைத்தேன். ஆறு மாதத் தண்ணீர், ஆறு மாதப் பயம், பாதி எருக்குழிக்கு.

மிச்சத்தை என் அறைக்கு மாற்றினேன். வேட்டிக் கொடியில் இப்போது இலை. வேட்டியெல்லாம் நாற்காலியில்.

தை 27

காம்பை ஒடித்தால் படக் என்றது. வை. சொன்ன அடையாளம் அதுதான். இலை கழிக்க உட்கார்ந்தேன். பெரிய இலையைக் கத்தரித்துவிட்டு, பூங்கொத்தை மட்டும் நிறுத்தவேண்டும். அரை மணியில் பத்து விரலும் பிசின். கத்தரிக்கோல் திறக்க மறுக்கிறது.

சோப்பு – போகவில்லை.
புளி – போகவில்லை.
சாம்பல் – இன்னும் மோசம்.

கடலை எண்ணெய்க் கிண்ணம் ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அண்ணி. என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி, எண்ணெயில் தோய்த்து வெட்ட ஆரம்பித்தார். என்னைவிட மூன்று மடங்கு வேகம்.

கடைசிக் கொத்து முடியும்போது: "நீ மட்டும்தான் அவரு தூங்கணும்னு நெனைக்கிறியா தம்பி?"

நான் எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஆவக்கூடாதது ஆச்சின்னா, அன்னிக்கு அடுப்பு மூட்ட எனக்குத் தெம்பு இருக்குமா? வந்தவங்களப் பட்டினியா அனுப்ப முடியுமா? அதான், கை காலு நல்லாக் கீறப்பவே."

வெட்கமாக இருந்தது. ஆறு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வாத்தியார்!

தை 28

சாக்பீஸ் விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மூன்றாம் வகுப்பு முழுக்கச் சிரிப்பு. பலாப்பழம் என்றேன். தையில் ஏது பலாப்பழம் சார் என்று ஒருத்தி கேட்டாள். கெட்டிக்காரி. உட்காரச் சொன்னேன்.

தை 30

பானையில் போட்டு, வாய்க்கு வெள்ளைத்துணி கட்டியாகிவிட்டது. தினம் ஒருமுறை சற்று நேரம் திறந்து மூடவேண்டும். ஒருமுறை என்றார் வை. இன்று நாலு முறை.

மாசி 3

ஆறு முறை. பொறுத்தார் பூமி ஆள்வாராம். பூமியை இரண்டு சர்க்காரும் பிரித்து ஆளட்டும். எனக்கு என் அண்ணன் ஒரு மணி நேரம் கண்ணை மூடினால் போதும்.

மாசி 6

இன்று செத்துப் பிழைத்தேன்.

காலை, ப.கூடம் கிளம்பும் நேரம். எல்லைக்கல் பார்க்க வந்த தெலுங்கு அதிகாரி ஒருவர், சேவகனோடு வாசலில். மோர் கேட்டார். நான் அப்போதுதான் பானையைத் திறந்துவைத்திருந்தேன். வாசனை வாசல்வரை.

மூக்கை உறிஞ்சினார். "ஏமம்மா, ஈ வாசன?"

அண்ணி மோர்ச் செம்பை நீட்டியபடி, இமைகூட அசையாமல்: "எத்துக்கி கஷாயம் சார். கடுப்பு நொப்பி."

மாட்டுக்கு வயிற்றுவலி, கஷாயமாம். அவர் கொட்டகையைப் பார்த்தார். எங்கள் மாடு, கெட்டவேளை, ஜோராக அசைபோட்டுக்கொண்டு நின்றது. அதே சமயம் உள்ளே அண்ணன் முனகினான். நீளமாக. அதிகாரி வாசல் வழியே கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மோரைக் குடித்து முடித்து, செம்பை அண்ணி கையிலேயே கொடுத்தார்.

"ஜாக்ரத்தகா சூஸ்கோண்டி."

பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டையா? தெரியவில்லை. போய்விட்டார். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சனியன் புடிச்ச மாடு, கொஞ்சம் படுத்துக்கினு இருந்தா இன்னா?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். பயத்தில் வந்த சிரிப்பு, நிற்கவே இல்லை.

மாசி 12

அண்ணனுக்கு மோசம். இரண்டு நாளாக வெறும் தண்ணீர். "அந்த எழவ இப்பவே குடுடா. ஊறவெச்சி யாருக்குப் படைக்கப் போற?"

சைக்கிளில் நாகலாபுரம். வை. முடியாது என்றார். "பச்ச வாசன போகல. இப்ப குடுத்தா வாந்தி எடுப்பாரு. கீற தெம்பும் போயிடும். இன்னும் ஒம்போது நாளு." கெஞ்சினேன். கத்தினேன். வெற்றுக்கையோடு வந்தேன்.

அண்ணி பானையைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி இடுப்பில். "நீ தொறந்து தொறந்தே அத்த ஒண்ணுமில்லாம ஆக்கிடுவ. காலையில நான் தொறக்கறேன்."

இன்னொன்று கவனித்தேன். வீட்டு அரிசி தீர்ந்துவிட்டது. அண்ணி பக்கத்துவீட்டில் படி அரிசி கைமாற்று வாங்குகிறார். அந்த மூன்று மூட்டை நெல்லைக் குத்திய அரிசி குதிரில் அப்படியே இருக்கிறது. அதைத் தொடவில்லை. நானும் கேட்கவில்லை.

மாசி 16

பரீட்சைத்தாள் திருத்தினேன். ஒரே தாளுக்கு இரண்டு தடவை மார்க் போட்டிருக்கிறேன். அடுத்த வருஷம் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகமா, தெலுங்கா, யாருக்கும் தெரியவில்லை. இன்னும் ஐந்து நாள்.

மாசி 21

அண்ணி பானையைத் திறந்தார். வைக்கோல் நாற்றம் போயிருந்தது. வெகுநாள் பூட்டிய மரப்பெட்டியின் வாசனை. பானையோடு நாகலாபுரம் போனேன். வை. ஒரு கொத்தை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்தார். அடுப்பை மூட்டினார்.

மாசி 23, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. லேகியம் வந்தது. மத்தியானம், சுண்டைக்காய் அளவு. அண்ணன்: "வெல்லம் கம்மி."

அரை மணி – ஒன்றுமில்லை. முக்கால் மணி – முனகல் நின்றது. பயந்து மூக்கடியில் விரல் வைத்தேன். மூச்சு இருந்தது. மறுபடி வைத்தேன். அண்ணி கையைத் தட்டிவிட்டார்.

பிறகு குறட்டை. ஏழு மாதம் கழித்து அண்ணன் குறட்டை. அண்ணி கதவில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. இது குணமாக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

விளக்கு வைக்கும் நேரம் விழித்தான். கூரையை, எங்களைப் பார்த்தான்.

"துன்றதுக்கு இன்னா கீது?"

ஒன்றும் இல்லை. பக்கத்துவீடு பூட்டியிருந்தது. அண்ணி ஒரு கணம் நின்றார். பிறகு குதிரின் வாயைத் திறந்தார்.

குழைய வடித்த சோறு, மிளகு ரசம். ஒரு கை. இரண்டு. மூன்றாவது கையோடு நிமிர்ந்தான்.

"புது அரிசியா? நல்லாக் கீதே. யாருக்கு எடுத்து வெச்சிருந்த?"

அண்ணி ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"ஒனக்குத்தான். துன்னு."