அரை மணிக்கு ஒரு தடவை

எல்கடுவை,
மார்கழி 10

அன்புள்ள மகன் இந்திரகுமாருக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்து சமாதானம் சொல்வாய். அதனால்தான் கடிதம். லீவு முடிந்து டோஹா திரும்பும் றுஸ்தியிடம் கொடுத்தனுப்புகிறேன். நாலு மாதமாகக் குப்புறக் கிடப்பதால் எழுத்து கோணல்.

அம்மா நலம். மழை விடவில்லை, லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது.

மூத்த மகள் விதுஷாவின் கல்யாணப் பத்திரிகையோடு உன் அத்தை புஷ்பவதி வந்தாள். தாய்மாமன் இல்லாமல் சபை நிறையாது என்று அழுதாள். உன்னிடமும் அழுதாளாம். நீயும் மன்னித்துவிடுங்கள் என்கிறாய். மன்னிக்கவா? நடந்ததை முழுதாகக் கேள்.

ஆவணியில் அவளுடைய சின்ன மகள் தினுஷா பெரியபிள்ளையான சடங்குக்கு உக்குவளை போனேன். வீடியோவில் அசிங்கமாகத் தெரியும் என்று என் சக்கர நாற்காலி மெத்தையை எடுத்துக் கோழிக்கூட்டுப் பக்கம் போட்டாள். பதிலுக்கு ஒரு வெல்வெட் விரிப்பு. புதுசு அழுக்காகிவிடும் என்று அதன் பொலித்தீனைக்கூடக் கழற்றவில்லை. தேயிலைக் கொழுந்து லொறி கவிழ்ந்து என் இடுப்புக்குக் கீழே உணர்வு போன நாளிலிருந்து, புண் வராமலிருக்க அரை மணிக்கு ஒரு தடவை கைகளை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இரண்டு தடவை தூக்கினேன். அவள் காதருகே வந்து, "அண்ணே, சம்பந்தி வீட்டு ஆளுங்க இருக்காங்க. இப்படி எக்காதீங்க, பாக்க ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

நானும் வெட்கப்பட்டு அடங்கிவிட்டேன். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை. அதை நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

வீட்டில் இடுப்புச் சாரம் மாற்றும்போது அம்மாதான் பின்பக்கத்தில் அந்தச் சிவப்பைக் கண்டாள். ஒரு கிழமையில் கறுத்தது. பிறகு எலும்பு வரை போனது. நாற்றம் எனக்கே தெரிந்தது, வலிதான் தெரியவில்லை. காய்ச்சலில் டாக்டர்கூடக் கைவிரித்தார். அப்போது அவள் ஒரே ஒரு தடவை வந்தாள், சடங்கு அல்பத்தைத் தூக்கிக்கொண்டு. படத்தில் அண்ணன் ராஜா மாதிரி இருக்கிறாராம். வயிறு எரிகிறது மகனே.

மாசியில் நடக்கும் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். போகாவிட்டால் இன்னொருவரை உட்காரவைத்துவிட்டு மறந்துபோவாள். அதனால் போகிறேன். புண் மூடி வருகிறது, தை கடைசியில் உட்காரலாம் என்கிறார் நர்ஸ். அம்மா எத்தனை தடவை துவைத்தும் கோழிக்கூட்டுக் கறை போகாத அதே மெத்தையில், முன்வரிசையில் உட்காருவேன். கமரா முகத்துக்கு நேரே நின்றாலும் இந்த உடம்பைத் தூக்குவேன். ஏன் என்று யாராவது கேட்டால் ஒன்று விடாமல் சொல்வேன், சம்பந்தி கேட்டாலும் சொல்வேன். அந்த வீடியோவை அவள் ஆயுசுக்கும் பார்க்கட்டும். விதுஷாமேல் எனக்குக் கோபமில்லை. அவளை வாழ்த்திவிட்டுத்தான் வருவேன்.

எனக்கு ஒரே ஒரு சாமான் வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை அடிக்கிற கடிகாரம். மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும். தைக்குள் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

நீயும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து பஸ் ஓட்டுகிறாய். யார் என்ன நினைத்தாலும் இடையிடையே இறங்கி நட, ராசா. உன்னால் எழும்ப முடிகிறது. மாரியம்மா அதை ஒருநாளும் உன்னிடமிருந்து எடுக்காமல் இருக்கட்டும்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
சிவலிங்கம்